கோன்யாக் சீமையின் திராக்ஷைக் குடியானவர்களும் அவர்கள் காத்துவரும் பழஞ்சரக்கும்

பிரான்ஸ் தேசத்தின் மேற்குப் பாகத்தில், ஷராந்து என்னும் நதி வளைந்து வளைந்து ஓடி அட்லாண்டிக் சமுத்திரத்திற் கலக்கின்றது. அந்நதிக்கரையில் கோன்யாக் என்ற ஒரு சிறு நகரம் இருக்கின்றது. அந்நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விளையும் வெண்திராக்ஷையிலிருந்து வடிக்கப்படும் பிராந்திக்கு ஊரின் பெயரே வழங்கி வருகின்றது. திராக்ஷை மதுவைக் காய்ச்சி வடிப்பவர் உலகத்திற் பல தேசங்களில் உளர். ஆயினும், 1909-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி பிரெஞ்சு அரசாங்கத்தார் வரையறுத்த எல்லைக்குள் விளைந்து, அவ்வெல்லைக்குள்ளேயே வடிக்கப்பட்டு, அங்கேயே பீப்பாயிற் கிடந்து முதிர்ந்த சரக்கு ஒன்றே கோன்யாக் என்று பெயரிட்டு விற்கத் தக்கது. 1936-இல் இவ்விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. 1938-இல், மண்ணின் தன்மையை ஒட்டிப் பிரதேசம் முழுவதும் ஆறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது.

குடியின் குணதோஷங்களை ஆராய்வது இவ்வியாசத்தின் நோக்கமன்று. மிக மெலிந்ததும் புளிப்பு மிக்கதுமான ஒரு மதுவையே தரக்கூடிய சுண்ணாம்புக் கரடுகளைக்கொண்டு, பாட்டன் வடித்ததைப் பேரன் விற்கும்படியான ஒரு தொழிலை அந்நாட்டுக் குடியானவர்கள் எவ்வாறு கட்டினார்கள் என்பதும், அதனை முற்றும் இழக்கும் நிலைக்கு வந்து எவ்வாறு மீட்டார்கள் என்பதுமே இங்கு விஷயம்.

மண்ணும் கொடியும்

கோன்யாக் நகருக்குத் தெற்கேயுள்ள மேட்டு நிலங்களில், மேல்மண் ஆழமில்லாமலும், அதன் கீழ் மிருதுவான வெண்சுண்ணாம்புப் பாறை கனமாகவும் காணப்படும். மழைக்காலத்தில் இப்பாறை கடற்பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் வேர்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கின்றது. ஆகையால் நீர்ப்பாய்ச்சலின்றியே கொடிகள் வாடாமல் நிற்கின்றன. இவ்வட்டத்திற்குக் "கிராந்த் ஷாம்பாஞ்" என்று பெயர். பாரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள, நுரைக்கும் மதுவுக்குப் பெயர்போன ஷாம்பாஞ் சீமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திறந்தவெளி நிலம் எனப் பொருள்படும் பழைய லத்தீன் சொல்லே இரண்டு இடத்திலும் பெயராக நின்றுவிட்டது. இவ்வட்டத்தின் சாராயம் மெல்லிய மணமுடையது. ஆனால் முதிர்வதற்கு மற்றெல்லா வட்டத்துச் சரக்கையும்விட அதிக காலம் பிடிக்கும். நகரின் வடமேற்கே "போர்தெரி" என்னும் சிறு வட்டம் களிமண்ணும் சக்கிமுக்கிக் கல்லும் கலந்தது. அதன் சரக்கு விரைவிற் பக்குவப்படும். சமுத்திரத்தை அணுக அணுக மண் மணற்பாங்காகிச் சாராயமும் மட்டமாகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி கொக்காந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி இந்நிலங்களைச் சோதித்து ஏற்படுத்திய பாகுபாடு, வியாபாரிகள் நாவினால் அறிந்து விலை வைத்துவந்த வரிசையோடு பெரும்பாலும் ஒத்திருந்தது.

இன்று பயிராவது பெரும்பாலும் யூனி பிளாங் என்ற ஒரே ரகம். இது இத்தாலி தேசத்திலிருந்து வந்தது. காலந்தாழ்த்துப் பழுக்கும், மகசூல் மிகுதி, புளிப்பு அதிகம். இதன் மதுவில் சாராயச் சத்து நூற்றுக்கு 9 அல்லது 10 பங்குதான் இருக்கும். சாப்பாட்டு மேஜைக்கு இது தகுதியற்றது. ஆனால் வாலைக்கு இதுவே தகுதியானது. சத்து குறைந்த மதுவாயின் ஒரு படி சாராயத்திற்கு ஏறக்குறைய ஒன்பது படி மதுவைக் காய்ச்ச வேண்டும். அந்த ஒன்பது படியிலுள்ள மணமெல்லாம் ஒரு படிக்குள் ஒடுங்குகின்றது. புளிப்பானது, மது வாலைக்குப் போகும்வரையில் கெடாமற் காக்கின்றது. மற்ற இடங்களில் மது கெடாமலிருப்பதற்குக் கந்தகப் புகையின் சத்தைச் சேர்ப்பது வழக்கம். இங்கு அது கூடாது. கந்தகம் வாலையில் ஏறி அருவருப்பான நாற்றத்தைத் தரும். சர்க்கரை சேர்த்து மதுவின் பலத்தைக் கூட்டுவதும் விலக்கப்பட்டிருக்கின்றது.

உப்பினால் வந்த வியாபாரம்

ஷராந்து நதியின் முகத்துவாரத்தை அடுத்த கடற்கரையில் பூர்வகாலந்தொட்டு உப்பளங்கள் இருந்தன. மீனை உப்பிட்டுப் பதனிடும் வடதேசத்து மாலுமிகள் உப்புக்காக இந்நதியில் வந்தார்கள்; வந்தவர்கள் மதுவையும் ஏற்றிச் சென்றார்கள். மெலிந்த மதுவாகையால் கடற்பிரயாணத்தில் அது புளித்துப் போயிற்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஹாலந்து தேசத்து வியாபாரிகள் அதைக் காய்ச்சி வடித்துக் கொண்டுபோகத் தொடங்கினர். கப்பலில் இடம் மிச்சம், சரக்கும் கெடுவதில்லை, ஊர் சேர்ந்தபின் நீர் கலந்துகொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். "எரித்த மது" என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லே திரிந்து பிராந்தி என்றாயிற்று.

கோன்யாக் நாட்டார் வேறொரு கதை சொல்வார்கள். ஒரு பிரபுவின் கனவில் சைத்தான் தோன்றி, அவருடைய ஆத்மாவைப் பறிப்பதற்காக அவரைக் கொப்பரையிலிட்டு ஒருமுறை கொதிக்க வைத்தும் முடியாமல், இரண்டாம் முறை கொதிக்க வைக்க முயன்றானாம். விழித்த பிரபு, மதுவின் ஆத்மாவையும் இருமுறை காய்ச்சியே எடுக்க வேண்டுமென்று கண்டுகொண்டாராம். கதை ரஸமானதே. எனினும் விறகுச் செலவும் கப்பற்கூலியும் சைத்தானைவிட இவ்விஷயத்தில் அதிக வேலை செய்திருக்கும்.

சாராயம் ஓக் மரப் பீப்பாய்களிற் கப்பலுக்குக் காத்துக் கிடந்தபோது, நாள் செல்லச் செல்ல நிறமும் சுவையும் ஏறுவதைக் கண்டனர். காத்திருக்க நேர்ந்த கஷ்டமே தொழிலின் ரகசியமாயிற்று. 1715-இல் ஜெர்ஸித் தீவிலிருந்து ஜான் மார்ட்டெலும், 1765-இல் அயர்லாந்திலிருந்து வந்த ரிச்சர்டு ஹென்னஸியும் இங்கே வியாபார ஸ்தாபனங்களை நிறுவினர். 1860-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கையினால் சுங்கவரி குறைந்தது. அதன்பின் நாடெங்கும் தானிய நிலங்கள்கூடக் கொடித் தோட்டங்களாயின. 1870-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் திராக்ஷை பயிரான விஸ்தீரணம் ஏறக்குறைய ஏழு லக்ஷம் ஏக்கர்.

பூச்சியால் வந்த கேடு

பிலாக்ஸெரா என்பது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஓர் அசுவுணி இனம். வட அமெரிக்காவே அதன் பூர்விகம். அங்கிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளோடு அது 1860-க்குப் பின் தென்பிரான்ஸில் இறங்கிற்று. 1868-இல் மாம்பெலியே நகரத்துப் பிளான்ஷோன் என்ற தாவர சாஸ்திரியும் அவர் கூட்டாளிகளும், பட்டுப்போகும் கொடிகளை வேரோடு பிடுங்கிப் பார்த்து, வேரில் மஞ்சள் நிறமாக மொய்த்திருந்த இப்பூச்சியைக் கண்டனர். செத்த கொடியில் அதைத் தேடினவர்களுக்கு அகப்படவில்லை. உணவு தீர்ந்தவுடன் அது அடுத்த கொடிக்குப் போய்விடுவதால், சாகும் தறுவாயிலுள்ள கொடியிலும் நன்றாயிருப்பதாகத் தோன்றும் கொடியிலுமே அதைக் காண முடிந்தது. பயிர்வியாதிகளை ஆராய்வோர் மறக்கலாகாத விஷயம் இது.

1875-ஐ ஒட்டி ஷராந்துச் சீமையில் இக்கேடு பரவிற்று. நிலத்தில் நீர்தேக்கிப் பூச்சியை மூழ்கடிக்கும் முறை சமவெளிக்கு ஏற்றது. சரிவான சுண்ணாம்பு மேடுகளுக்கு ஏலாது. கார்பன் பைஸல்பைடு என்ற நச்சுத் திரவத்தை ஊசிக் குழாயால் மண்ணிற் செலுத்தினர், செலவு தாங்கவில்லை. 1893-இல் எஞ்சியிருந்த தோட்டம் ஒரு லக்ஷம் ஏக்கர் அளவே. ஏழில் ஆறு பங்கு போயிற்று.

அமெரிக்கக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கும். ஆதலால் அமெரிக்க வேர்த்துண்டின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே பரிகாரம் என்று மற்ற ஜில்லாக்களில் முடிவாயிற்று. மாவொட்டுக் கட்டுவோர்க்கு இம்முறையைப் பற்றி விவரிக்க வேண்டுவதில்லை. ஆனால் கோன்யாக்கில் புதிய விபரீதம் ஒன்று நேர்ந்தது. வளமான ஆற்றோர மண்ணுக்குப் பழகிய அமெரிக்க வேர்கள் சுண்ணாம்பு நிலத்தில் ஊன்றியதும், கொடியின் இலைகள் மஞ்சளித்து வெளிறிக் கொடி நலிந்து மாண்டது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர்க்கு எட்டாமற் போவதே இதன் காரணம். சாராயத்தின் உயர்வுக்கு எந்தச் சுண்ணாம்பு காரணமோ அதுவே புது நடவுக்கு எமனாயிற்று. மிக உயர்ந்த வட்டமே மிக மோசமாக அடிபட்டது.

1887-இல் அரசாங்கத்தார் பியேர் வியாலா என்ற ஆசிரியரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். சுண்ணாம்பு நிலத்தில் தானே வளரும் காட்டுத் திராக்ஷை எங்கேனும் உண்டா என்று தேடிவருவது அவர் வேலை. கீழ்க்கரையிலிருந்து பல நாடுகளைச் சுற்றி அலைந்தபின், டெக்ஸாஸ் நாட்டு டெனிஸன் ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த மன்ஸன் என்பவரைச் சந்தித்தார். அந்நாட்டுக் காட்டுக் கொடிகளை யெல்லாம் குதிரைமேல் ஏறித் தேடித் திரட்டியிருந்த மன்ஸன், டெக்ஸாஸின் மத்தியபாகத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் பெர்லாந்தியேரி என்ற இனத்தைக் காட்டினார். தேடியது கிடைத்தது. ஆனால் அது போத்து வைத்தால் வேர் பிடிப்பதில்லை! ஆகவே அதனை வேறு இனங்களோடு மகரந்தச் சேர்க்கை செய்து, சுண்ணாம்பைத் தாங்கும் குணமும் வேர் பிடிக்கும் குணமும் ஒருங்கே உடைய கலப்பினங்களை உண்டாக்க வேண்டியதாயிற்று. ஷாஸ்லா என்ற ஐரோப்பிய ரகத்துக்கும் பெர்லாந்தியேரிக்கும் போர்டோ நகரத்து மில்லார்டே உண்டாக்கிய "41பி" என்ற வேர்க்கொடி சுண்ணாம்பு மேடுகளில் நிலைத்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவையை உலகுக்கு அளித்தவரும் இந்த மில்லார்டேதான். பிரெஞ்சு அரசாங்கத்தார் 1888-இல் மன்ஸனுக்கு விவசாய விருதளித்தனர். டெனிஸனும் கோன்யாக்கும் இன்று சகோதர நகரங்களாக உறவு பூண்டிருக்கின்றன. 1892-இல் கோன்யாக் நகரில் திராக்ஷை ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது.

ஒட்டினால் ரகமும் மாறிற்று. பழைய நாளில் புகழ்பெற்றிருந்த போல் பிளான்ஷ் என்ற ரகம் ஒட்டுக்கொடியில் அளவுக்கு மிஞ்சித் தழைத்துக் குலை நெருங்கிச் சாம்பற்பூசணத்தால் அழுகிற்று. யூனி பிளாங் அதன் இடத்தைப் பிடித்தது அதன்பிறகே.

எல்லோரும் கொடிக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடலோர வட்டங்களிற் பலர் கொடி பட்ட நிலத்தைப் புல்லும் தீவனமும் ஆக்கிப் பசு வளர்த்தனர். 1888-இல் ஸ்யூர்ஜேர் நகருக்கு அருகே ஷையே என்ற கிராமத்தில் யூஜீன் பிரோ என்பவர் முயற்சியால் பால் ஐக்கிய சங்கம் ஒன்று ஏற்பட்டது. சில வருஷங்களுக்குள் அச்சீமை வெண்ணெய்க்குப் பெயர்போனது. பூச்சி தின்ற தோட்டமே பாற்பண்ணைக்கு வழிவிட்டது.

வாலை

அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் முடியும். பிழிந்த சாறு சில நாட்களில் நொதித்து மதுவாகும். அடுத்த மார்ச்சு 31-ந் தேதிக்குள் மது முழுவதையும் வடித்து முடிக்கவேண்டும் என்பது சட்டம். வெப்பம் மிகும்போது மதுவில் மணம் கெடுமாதலால் இது தக்க விதியே.

வாலை செம்பாலானது. அடியில் நேரே நெருப்பு எரிய வேண்டும். விறகும் கரியும் போய் இன்று எரிவாயு வந்திருப்பினும் இவ்விதி மாறவில்லை. முதற் காய்ச்சலில் நூற்றுக்கு 30 பங்கு சாராயமுடைய கலங்கல் திரவம் கிடைக்கின்றது. அதை மறுபடியும் காய்ச்சுவர். இரண்டாம் காய்ச்சலுக்கு ஒரு தடவையில் 2,500 லிட்டருக்கு மேல் ஊற்றலாகாது. அது சுமார் 12 மணி நேரம் நடைபெறும். முதலில் வரும் தலைவடி கார நெடியுடையது, விலக்கப்படும். பின்னர் நூற்றுக்கு 70 பங்கை ஒட்டிய தெளிந்த நடுவடி வரும். இதுவே பீப்பாய்க்குச் செல்வது. கடைவடியில் கனத்த நாற்றங்கள் ஏறத் தொடங்குமுன் குழாயை மாற்ற வேண்டும். எந்த நிமிஷத்தில் மாற்றுவது என்பதில்தான் வடிப்பவனுடைய திறமை. சற்று முந்தினால் மணம் குறையும். சற்றுப் பிந்தினால் கெட்டவாடை கலந்து, இருபது வருஷம் கழித்தும் போகாது. குளிர்கால மாதங்களில் இரவும் பகலும் வாலை ஓயாதாகையால், வாலைச்சாலையிலேயே கட்டிலிட்டுப் படுத்து, ஒலி மாறும்போது எழுந்து பார்ப்பது குடியானவர் வழக்கமாயிருந்தது. தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்து பழகிய பிள்ளைக்கே இவ்வேலை எளிதில் வரும்.

பீப்பாயும் கிடங்கும்

வடித்த சாராயம் தண்ணீர்போல் நிறமற்றது, எரிச்சல் மிகுந்தது. ஓக் மரப் பீப்பாயிற் கிடந்தே அது பொன்னிறமும் இனிமையும் பெறுகின்றது. லிமூஸான் காடுகளின் மரம் அகன்ற நாருடையது. துவர்ப்புச் சத்தை விரைவில் விடும். திரான்ஸே காட்டு மரம் நெருங்கிய நாருடையது, சாந்தமானது. 17-ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர், கப்பற்படைக்கு மரம் வேண்டித் திரான்ஸே காட்டைச் சீர்செய்தார். கப்பல்கள் இரும்பாய்விட்ட பிறகு அம்மரங்கள் பீப்பாய்களுக்குப் பயன்பட்டன. மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் நார்வழியே பிளந்து, பலகைகளை ஏறக்குறைய மூன்று வருஷம் மழையிலும் வெயிலிலும் அடுக்கி வைத்துக் கசப்பைப் போக்கியபின், நெருப்பில் வாட்டி வளைக்கின்றனர். ஆணியும் பசையும் கிடையா.

பீப்பாயின் நுண்துளைகள் வழியாகக் காற்று உட்புகுகின்றது. சாராயமும் நீரும் ஆவியாய் வெளியேறுகின்றன. ஈரக் கிடங்கில் சாராயச்சத்து அதிகமாகவும், வறண்ட கிடங்கில் நீர் அதிகமாகவும் குறையும். ஆற்றோரக் கிடங்குகளின் சரக்கு மிருதுவாயிருப்பதற்கு இதுவே காரணம். வருஷந்தோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாறு மறைகின்றது. இதைத் "தேவர்களின் பங்கு" என்று அந்நாட்டார் கேலியாகச் சொல்லுவர். 350 லிட்டர் பீப்பாய் ஒன்றை 50 வருஷம் வைத்திருப்பவனுக்கு, இக்கணக்குப்படி 130 லிட்டருக்குக் குறைவாகவே மிஞ்சும். பழஞ்சரக்கின் விலை ஏன் ஏறுகின்றதென்பது இதனால் விளங்கும். இந்த ஆவியை உண்டு வாழும் ஒருவகைப் பூசணம் கிடங்கின் சுவர்களையும் கூரை ஓடுகளையும் கரிபிடித்தாற்போல் கறுக்கச் செய்கின்றது. சாராயத்தை ஒளித்து வைத்திருப்பவன் வீட்டைக் கூரையே காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்வதுண்டு.

பல பத்து வருஷங்கள் கழிந்தபின், வாதுமைக்கொட்டையும் காளானும் கலந்தாற்போன்ற ஒரு மணம் பிறக்கின்றது. அதற்குமேலும் மரத்திலேயே விட்டால் துவர்ப்பு விஞ்சிக் கெடும். அப்பொழுது அதைக் கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றி மூடி, "சொர்க்கம்" என்று பெயரிட்ட மூலை அறையில் வைப்பார்கள். கண்ணாடியில் அது மேலும் முதிர்வதில்லை, அன்றிருந்தபடியே இருக்கும். ஆகவே பழைய புட்டியென்பதால் உள்ளிருக்கும் சரக்கும் அத்தனை வருஷம் முதிர்ந்ததென்று கொள்வது பிசகு.

விற்பனைச் சீட்டிலுள்ள வயதுக் குறிகள் ஆங்கில எழுத்துக்களாயிருப்பது, முற்காலத்தில் இங்கிலாந்தே பெரிய வாடிக்கையாயிருந்ததன் அடையாளம். "வி.எஸ்." என்பது இரண்டு வருஷமும், "வி.எஸ்.ஓ.பி." என்பது நான்கு வருஷமும் குறைந்தபக்ஷம் மரத்திற் கிடந்தவை. "எக்ஸ்.ஓ." என்பதற்கு ஆறு வருஷமென்றிருந்ததை 2018-இல் பத்தாக உயர்த்தினர். கலவையில் மிக இளைய சரக்கின் வயதே கணக்கு. பல வட்டத்து, பல வயதுச் சரக்குகளைக் கலப்பவன் கிடங்குத் தலைவன். ஹென்னஸி ஸ்தாபனத்தில் இவ்வேலை பில்லியூ என்ற ஒரே குடும்பத்தில் தொடர்ந்து வந்திருக்கின்றது. 2017-இல் எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தவர் பொறுப்பேற்றார்.

சரக்கிருப்பே மூலதனம்

பெரிய வியாபார ஸ்தாபனங்களுக்குச் சொந்தமான தோட்டம் சிறிதே. திராக்ஷையிற் பெரும்பங்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைக் குடும்பங்களுடையது. அவர்கள் ஒப்பந்தப்படி மதுவாகவோ, சாராயமாகவோ, முதிர்ந்த சரக்காகவோ கொடுக்கின்றனர். கையிருப்புள்ள குடும்பம் சில பீப்பாய்களை விற்காமல் நிறுத்தி வைப்பதுண்டு. அவை மகள் கலியாணத்துக்கும், பனிவிழுந்து மகசூல் போன வருஷத்துக்கும் உதவும் சேமிப்பாகின்றன.

இருப்பு பெருஞ்சொத்தாயிருப்பதால் அதற்கு அபாயமும் உண்டு. 1940-இல் ஜெர்மானியர் பிரான்ஸைக் கைப்பற்றியபோது, நூற்றாண்டுச் சரக்கெல்லாம் அள்ளப்பட்டுவிடுமென்ற பயம் எழுந்தது. 1941-இல் குடியானவரும் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு பங்கீட்டு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, கொடுக்கவேண்டியதை அளவோடு கொடுத்து, பழைய இருப்பின் பெரும்பாகத்தைக் காத்தனர். 1946-இல் அதுவே இரு திறத்தாரும் அங்கம் வகிக்கும் தேசிய கோன்யாக் சபையாக மாறிற்று.

இப்பொழுது நேர்ந்திருக்கும் இடர் வேறு வகையானது. சரக்கில் நூற்றுக்கு 97 பங்குக்குமேல் அன்னிய நாடுகளுக்குப் போகின்றது. 2021-இல் 22 கோடிப் புட்டிகளுக்குமேல் ஏற்றுமதியாயின. அந்த ஊக்கத்தில் புதிய நடவு பெருகித் தோட்டம் இரண்டு லக்ஷம் ஏக்கரை எட்டியது. 2023-இல் ஏற்றுமதி பதினாறரைக் கோடியாக இறங்கிற்று. சீன அரசாங்கத்தார் 2024 ஜனவரியில் ஐரோப்பியப் பிராந்தியின் விலையைப் பற்றி விசாரணை தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் குடியானவர்கள் டிராக்டர்களோடு கோன்யாக் நகரத் தெருக்களில் ஊர்வலம் வந்தனர். 2025 ஜூலையில் நூற்றுக்கு 35 வரை தண்டவரி விதிக்கப்பட்டது; குறிப்பிட்ட விலைக்குக் கீழ் விற்பதில்லையென ஒப்புக்கொண்ட ஸ்தாபனங்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. கொடி நட்டு மகசூலுக்கு வர மூன்று நான்கு வருஷம். முதிர்வதற்கு இன்னும் பத்து. விலை ஏறினபோது நட்டவன், விலை இறங்கினபோது அறுக்கின்றான். ஏக்கருக்கு அனுமதிக்கும் மகசூலைச் சபையார் வருஷந்தோறும் நிர்ணயித்துக் குறைத்து வந்தும் போதாமல், ஒரு பகுதிக் கொடிகளைப் பிடுங்கும் யோசனையும் எழுந்திருக்கின்றது. கடன் வாங்கி நட்ட இளங்குடும்பங்களுக்கே இதில் பெருங்கஷ்டம்.

பருவமும் முன்போலில்லை. உஷ்ணம் ஏறுவதால் அறுப்பு முந்துகின்றது. பழத்தில் சர்க்கரை கூடிப் புளிப்பு குறைகின்றது. தத்துப்பூச்சியால் பரவும் மஞ்சள் நோயும், தண்டைக் குடையும் பூசண நோயும் கொடிகளைக் கொல்லுகின்றன. பிந்திய நோய்க்கு யூனி பிளாங் மிகவும் எளிதில் இரையாகின்றது. யூனி பிளாங்குக்கும் போல் பிளான்ஷுக்கும் பிறந்த போலின்யான் என்ற கலப்பு ரகம் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை அனுமதிக்கப்பட்டிருக்கின்றது. இலைநோய்களை எதிர்க்கும் வேறு புது ரகங்களும் சோதனையில் உள. இவற்றின் மகசூலையும் நோய் தாங்கும் வன்மையையும் சில வருஷங்களில் அளந்துவிடலாம். சாராயம் எத்தகையதென்று தெரிவதற்கு, வடித்துப் பீப்பாயிலிட்டுப் பல வருஷம் பார்த்திருக்க வேண்டும்.